தாத்தாவுக்கு வயசு 97-ஆ, 94-ஆ?

9 மார்ச் 2024

போன வாரம் போட்ட அஞ்சலிப் படத்துக்குக் கீழே ஒருத்தர் கேட்டது இது: "97 வயது என்று போட்டிருக்கிறீர்கள். 1942-ல் பர்மாவில் போருக்குப் பயந்து ஓடும்போது தாத்தாவுக்குப் பதினொரு வயசு என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். கணக்கு உதைக்கிறதே?"

உதைக்கத்தான் செய்யுது. 97 பெரியப்பா போட்டது. தாத்தாவோட அடையாளக் கார்டுல 1927-னு இருக்கு, அதைக் கழிச்சு 97. பதினொண்ணு தாத்தா தன் வாயால சொன்னது, அதுவும் ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. நான் ரெண்டையும் ஒரே பதிவுல எழுதிட்டுக் கூட்டிக்கூடப் பார்க்கல. நேத்துதான் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சது. தூக்கம் கெட்ட மூளை, மன்னிச்சுக்குங்க.

பெரியப்பாகிட்ட கேட்டேன். "கார்டுல இருக்கறதுதான் வயசு, போய் வேலையைப் பாரு"ன்னுட்டாரு.

10 மார்ச்

"அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஏது பிறந்த தேதி, விட்டுடுங்க"ன்னு நாலஞ்சு பேர் எழுதியிருக்கீங்க. மத்தவங்க தாத்தாக்களுக்கு அது பொருந்தும். எங்க தாத்தாவுக்குப் பொருந்தாது.

அவரு பர்மாவுல பெகு ஊருல உளுந்துத் தரகு பார்த்தவரு. சந்தையில மூட்டையைக் குத்தி ஒரு சிட்டிகை எடுப்பாரு. உள்ளங்கையில ஊதித் தூசு போக்கி, ஒத்தை மணியைக் கடைவாயில வச்சுக் கடிப்பாரு. "டிக்"குன்னு சத்தம் வந்தா காய்ஞ்ச சரக்கு. சத்தமில்லாம நசுங்கினா முகத்தைத் திருப்பிக்குவாரு, விலையே பேசமாட்டாரு. எழுபது வயசுக்கு மேல பல்லு போனப்புறம் என்னைக் கடிக்கச் சொல்லிட்டு, காதை என் தாடைக்கிட்ட கொண்டுவருவாரு. எனக்கு அப்ப எட்டு வயசு. ஒரு சந்தை நாளுக்கு முப்பது நாப்பது மணி கடிச்சு, ராத்திரி சோறு மெல்ல முடியாது.

விசைக் கணக்குல அவரை யாரும் ஏமாத்த முடியாது. இங்க பர்மாவுல இன்னிக்கும் சந்தையில விசைதான், 1.63 கிலோ சுமாரா. பர்மாக்காரங்க 'பெய்த்தா'ம்பாங்க. வெள்ளைக்காரன் அதுக்கு 'விஸ்'னு எழுதினானே, அது நம்ம விசையைப் பார்த்துத்தான். தாத்தாவுக்கு அதுல ஒரு பெருமை. நூறு திக்கல் ஒரு விசை. ஒரு திக்கல் குறைஞ்சாலும் மூட்டையைத் திரும்ப ஏத்தச் சொல்ற மனுஷன், தன் வயசுல மூணு வருஷத்தைத் தொலைச்சிருப்பாரா?

அதான் எனக்கு இப்பப் பிடிச்சுக்கிச்சு.

12 மார்ச், கரண்டு வந்த நேரத்துல

ஒரு தடயம் கிடைச்சிருக்கு. எங்க பூட்டியம்மா சொல்லிச் சொல்லி வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை: பெகுல பெரிய நிலநடுக்கம் வந்தப்ப தாத்தா வயித்துல ஆறு மாசம். ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பூட்டியம்மா அடுப்படியில இருந்திருக்கு, சட்டியோட குழம்பு கவுந்து காலெல்லாம் வெந்துபோச்சு. வெளியில ஓடிவந்து பார்த்தா ஷ்வேமோடோ பகோடா தலை இல்லாம நின்னுச்சாம்.

அந்த நிலநடுக்கம் 5 மே 1930, திங்கள்கிழமை, ராத்திரி எட்டு மணி சுமாருக்கு. பெகுல மட்டும் ஐந்நூறு பேர் அளவுக்குச் செத்தாங்க, ரங்கூன்லயும் சாவு உண்டு. பகோடாவை 1950-கள்லதான் திருப்பிக் கட்டி முடிச்சாங்க.

மே மாசம் ஆறு மாச வயிறுன்னா பிறந்தது ஆகஸ்ட். அப்ப 1930. போன மாசம் சாகும்போது 93 முடிஞ்சு 94 நடப்பு. பெரியப்பா இன்னும் பார்க்கல இதை.

13 மார்ச்

பியூ பக்கத்து அண்ணன் ஒருத்தர் மடக்கிட்டாரு. "1930-ல ரெண்டு பெரிய நடுக்கம் வந்துச்சு தங்கச்சி. டிசம்பர்ல எங்க ஊர்ல வந்ததும் பெரிசுதான், ரயில் தண்டவாளமே நெளிஞ்சுபோச்சும்பாங்க. அதுவா இருந்தா உங்க தாத்தா 1931 ஆளு."

சரிதான், டிசம்பர் தொடக்கத்துல வந்த பியூ நடுக்கத்தை நான் யோசிக்கல. ஆனா அண்ணே, பகோடா விழுந்தது மே மாசத்துல. அப்புறம் பியூ நடுக்கம் வந்தது நடுராத்திரி தாண்டி. அந்நேரத்துல எங்க பூட்டியம்மா எதுக்குக் குழம்பு வைக்கப்போகுது?

13 மார்ச், மறுபடி

குழம்பை வச்சே சாட்சி சொல்றேன்னு சிரிக்கிறீங்க. சிரிங்க. இன்னொண்ணும் இருக்கு.

தாத்தாவுக்குப் பர்மா பேரும் ஒண்ணு உண்டு, நம்ம எல்லாருக்கும் இருக்கற மாதிரி. வீட்டுல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல ஒரு பேரு. பேரை இங்க போடமாட்டேன், ம-வுல ஆரம்பிக்கும். வெளிநாட்டுல இருக்கறவங்களுக்காகச் சொல்றேன்: பர்மாக்காரங்க பிறந்த கிழமையைப் பார்த்துத்தான் பேருக்கு முதல் எழுத்து வைப்பாங்க. ப, ம வரிசை வியாழனுக்கு. தாத்தாவுக்குப் பேரு வச்சது பக்கத்து வீட்டு பர்மாக்காரப் பாட்டி, குழந்தை பிறந்த ஒரு மாசத்துக்குள்ள. அதுல பொய் சொல்ல யாருக்கும் காரணம் இல்ல.

பகோடாவுல ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை இருக்கும், ஒரு மிருகம் இருக்கும். வியாழனுக்கு எலி. வருஷம் ஒருநாள் தாத்தா என்னைக் கூட்டிக்கிட்டு ஷ்வேமோடோ போயி எலி மூலையில இருக்கற புத்தருக்குக் கிண்ணம் கிண்ணமா தண்ணி ஊத்துவாரு. "தாத்தா, நாம சைவம் இல்லியா?"ன்னா, "எலி யாரோட வாகனம்? போ, இன்னும் ஒரு கிண்ணம் மொண்டுகிட்டு வா" அம்பாரு.

அது எந்த நாள்னு இத்தனை வருஷம் கவனிக்கல. ஆடிப் பெருக்கு முடிஞ்சு மறு வியாழன். 1930-ல அது 7 ஆகஸ்ட். கார்டுல இருக்கற தேதி ஜனவரி 1.

போன மாசம் அவரு போனதும் வியாழக்கிழமைதான். பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா அதைத்தான் முதல்ல சொன்னாங்க.

17 மார்ச்

சிலபேர் 1942 கதையை முழுசா கேட்டீங்க. முழுசா எனக்கும் தெரியாது, தாத்தா துண்டு துண்டாத்தான் சொல்வாரு.

23 டிசம்பர் 1941 அன்னிக்கு ரங்கூன்ல ஜப்பான்காரன் போட்ட முதல் குண்டு விழுந்துச்சு. பெகுலருந்து புகை தெரிஞ்சுச்சாம், அது நிஜமா கற்பனையான்னு தெரியல, எண்பது கிலோமீட்டர். அதுக்கப்புறம் ஊர் ஊரா நம்மாளுங்க கிளம்பிட்டாங்க. மொத்தம் அஞ்சு லட்சம் பேர் அளவுக்கு இந்தியாவுக்கு ஓடினாங்கன்னு கணக்கு. கப்பல் டிக்கெட்டு கையில காசு உள்ளவனுக்கு. எங்க பூட்டனார் புரோம் வழியா டவுங்கப் கணவாய் ஏறி அரக்கான் போகலாம்னு குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு நடந்தாரு. புள்ளைங்க நாலு பேர். மூத்தவரு தாத்தா.

புரோம் தாண்டி ரெண்டாம் நாள் பூட்டனாருக்குக் காலரா. ஒரே ராத்திரிதான். காலையில கூட்டம் நகர்ந்துபோச்சு, இவங்க அங்கயே நின்னாங்க. பூட்டியம்மா மலையைப் பார்த்துச்சாம், புள்ளைங்களைப் பார்த்துச்சாம், திரும்பிடுச்சு. எல்லாரும் மேற்கே போற பாதையில இவங்க மட்டும் எதிர்த்திசையில. தாத்தா கடைசித் தங்கச்சியை இடுப்புல தூக்கிக்கிட்டு நடந்தாரு. அதுதான் எங்க சின்னப் பாட்டி, இப்ப சென்னையில வியாசர்பாடியில இருக்கு.

அந்த நடையிலதான் தாத்தாவுக்கு எண்ணுற பழக்கம் வந்திருக்கணும். நான் பார்த்த தாத்தா தினம் ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போடறதுக்கு முன்னாடி வாசல்ல குனிஞ்சு செருப்பை எண்ணுவாரு. ஆளை எண்ணமாட்டாரு, செருப்பைத்தான். ஜோடி ஜோடியா மூக்கு வெளியில பார்க்கற மாதிரி திருப்பி வைப்பாரு. ஒரு ஜோடி குறைஞ்சா கதவு திறந்தே இருக்கும், அவரு திண்ணையில இருப்பாரு. நானும் தம்பியும் சின்ன வயசுல குறும்புக்கு ஒரு ஜோடியை ஒளிச்சு வச்சோம் ஒருநாள். பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாரு. அப்புறம் நாங்களே பயந்துபோய்க் கொண்டுவந்து வச்சோம். ஒரு வார்த்தை திட்டல, தாழ்ப்பாள் போட்டுட்டுப் போய்ப் படுத்துட்டாரு.

18 மார்ச்

திருத்தம். அத்தை படிச்சுட்டு போன் பண்ணுச்சு. புள்ளைங்க நாலு இல்ல, அஞ்சு. கைக்குழந்தை ஒண்ணு இருந்திருக்கு. திரும்பி வந்தது நாலு.

24 மார்ச்

பெரியப்பா இழையைப் படிச்சுட்டாரு. கோபம். "ஊருக்கெல்லாம் எங்கப்பன் பொய்க் கார்டு வச்சிருந்தான்னு சொல்றியா?" நியாயமான கோபம்தான், கொஞ்சம். ஆனா அவரே கோபத்துல ஒரு விஷயத்தை அவிழ்த்து விட்டுட்டாரு: "1990-ல அறுபதாம் கல்யாணம் பண்ணினப்பவே எனக்குச் சந்தேகம்."

கார்டுப்படி அறுபது 1987-ல வரணும். அந்த வருஷம் எல்லா ஏற்பாடும் செஞ்சிருக்காங்க, பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து பணம் சேர்த்து வச்சிருக்காங்க. 5 செப்டம்பர் 1987 அன்னிக்கு சர்க்கார் 25, 35, 75 சாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னுடுச்சு. அதுக்கு முன்னாடி 1964-ல 50, 100 போனப்பவாவது மாத்திக்கக் கொஞ்சம் வழி இருந்துச்சாம், இந்தத் தடவை ஒண்ணும் கிடையாது. அப்புறம் 45-ம் 90-மா நோட்டு விட்டாங்க, ஒன்பது ராசின்னு. பந்தலுக்கு வச்ச பணம் பூரா 75 சாட் நோட்டு. பெரியப்பா தலையில கைவச்சு உட்கார்ந்துட்டாராம். தாத்தா வந்து, "விடுடா, இன்னும் மூணு வருஷம் இருக்கு"ன்னு சொல்லியிருக்காரு. பெரியப்பா அதை ஆறுதலுக்குச் சொன்னதா நினைச்சுக்கிட்டாரு.

88-ல நாடே கலவரம், யாருக்கு விசேஷம் நினைப்பு. 89-ல கேட்டப்ப "இப்ப வேணாம்"னுட்டாராம். 90-ல அவரே கூப்பிட்டு, "ஆடி கடைசிக்குள்ள வச்சுக்க"ன்னாராம். ஆடியில எவன் கல்யாணம் வைப்பான்னு சொந்தக்காரங்க எல்லாம் முணுமுணுப்பு. ஐயர் மட்டும், "ஜன்ம மாசம்னா ஆடியிலதான் பண்ணணும்"னாராம். ஐயருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க!

டிரங்குப் பெட்டியில அந்தப் பத்திரிகை ஒண்ணு கிடைச்சுச்சு, ஓரம் கரையான் அரிச்சது. "நிகழும் பிரமோதூத வருஷம் ஆடி மாதம்"னு ஆரம்பிக்குது. அறுபது வருஷச் சக்கரம் சுத்தி, பிறந்த வருஷப் பேரு திரும்ப வரும்போது பண்றதுதானே அறுபதாம் கல்யாணம். 1990 பிரமோதூத. அறுபது கழிச்சா 1930-ம் பிரமோதூத. 1927 பிரபவ. அந்த பிரபவ திரும்ப வந்தது 1987-ல, அப்பதான் இவரு "மூணு வருஷம் இருக்கு"ன்னது.

சர்க்காருக்கு ஒரு வயசு சொன்ன மனுஷன் சாமிகிட்ட அதைச் சொல்லத் துணியல.

25 மார்ச்

அப்ப சதாபிஷேகம் எப்ப பண்ணீங்கன்னு ஒருத்தர். பண்ணல. பசங்க 2007-ல பேச்செடுத்தாங்க, முழங்கால் வலின்னுட்டாரு. 2008 மே நர்கிஸ் புயல்ல கூரை போச்சு, உளுந்து குடோன் போச்சு. 2011-ல திடீர்னு "என்னை பீலிக்கான் கூட்டிட்டுப் போ"ன்னாரு. போனோம். முனீஸ்வரர் முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு, முழங்கால் வலின்னு ஒரு பேச்சு இல்ல. 80 வயசும் எட்டு மாசமும் எப்ப வருதுன்னு நீங்களே கூட்டிக்குங்க.

30 மார்ச்

சின்னப் பாட்டிகிட்ட பேசிட்டேன். ரெண்டு நாளா லைன் கிடைக்கல, இன்னிக்குக் கிடைச்சுச்சு. ஒரு மணிநேரத்துல அரைமணி நேரம் "கேக்குதா, கேக்குதா". பாக்கி அரைமணி இது.

சுதந்திரம் வந்த வருஷம், 1948. பர்மாக் குடியுரிமை வேணும்கிறவங்க எழுதிக்குடுக்கணும்னு சட்டம் வந்துச்சு. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில பிறந்து, 1 ஜனவரி 1942-க்கு முந்தின பத்து வருஷத்துல எட்டு வருஷம் இங்க வசிச்சிருக்கணும், இல்லன்னா 4 ஜனவரி 1948-க்கு முந்தின பத்துல எட்டு. இங்கயே இருக்கப்போறேன்னும் சொல்லணும். நம்மாளுங்க நிறையப் பேர் எழுதிக்குடுக்கல. ஊருக்குப் போயிடுவோம்னு நினைப்பு, இல்ல எழுதத் தெரியாது, இல்ல காகிதம்னாலே பயம்.

பூட்டியம்மா கைநாட்டு. பூட்டனார் இல்ல. "வீட்டுல வயசு வந்த ஆம்பள யாரு?"ன்னு மனு எழுதுறவரு கேட்டிருக்காரு. தாத்தாவுக்குப் பதினேழு. எழுதுறவரு பேனாவை எடுக்காமயே அவரை ஏற இறங்கப் பார்த்துட்டு, "மீசையைப் பார்த்தா இருபது சொல்லலாம்"னாராம். மீசைன்னு ஒண்ணுமே இல்லன்னு சின்னப் பாட்டி அடிச்சுச் சொல்லுது. அப்படி வந்ததுதான் அந்த மூணு வருஷம். அவரு கையெழுத்துப் போட்டாரு, நாலு பேருக்கும் சேர்த்து.

அந்தக் காகிதத்தோட மதிப்பு அப்ப யாருக்கும் தெரியல. 1964-ல கடையெல்லாம் சர்க்கார் எடுத்தப்ப தாத்தா கடையும் போச்சு. பலகையை மாத்தி மக்கள் கடைன்னு நம்பர் போட்டுட்டாங்க, குடியுரிமை அதுக்கு உதவல. ஆனா எங்களைப் போன்னு சொல்ல ஆளில்ல. சின்னப் பாட்டி வீட்டுக்காரருகிட்ட காகிதம் இல்ல, அவங்க கப்பல் ஏறிட்டாங்க. தாத்தா துறைமுகத்துல நின்னு, தங்கச்சி செருப்பைக் கழட்டிக் குடுக்கச் சொல்லி வாங்கிக்கிட்டாராம். வெறுங்காலோட ஏறுச்சாம் பாட்டி. "எதுக்குக் கேட்டாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலடி"ன்னுச்சு.

எனக்குத் தெரியும். நான் போன்ல சொல்லல.

அப்புறம் 1982 குடியுரிமைச் சட்டம் வந்து முழுக் குடிமக்களுக்கு ரோஸ், மத்த ரெண்டு வகைக்கு நீலம், பச்சைன்னு மூணு கார்டு ஆனப்ப, ஏற்கெனவே குடிமக்களா இருந்தவங்க குடிமக்களாவே இருப்பாங்கன்னு அதுல ஒரு பிரிவு. தாத்தா 1948 காகிதத்தைத் தகர டப்பாவுலருந்து எடுத்துக் காட்டினாரு. அதனால பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் ரோஸ் கார்டு. பக்கத்துக் கிராமத்துல எங்களைவிட நாலு தலைமுறை கூடுதலா இருக்கறவங்களுக்கு இன்னும் பச்சைதான்.

பெரியப்பாகிட்ட இதை வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல. எழுந்துபோய் டப்பாவைத் துடைச்சு வச்சாரு.

2 ஏப்ரல்

விலகிப் போறேன்னு தெரியும். பிப்ரவரி 10-ம் தேதி கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்துட்டாங்க இல்லியா. ஆம்பளைங்க 18-லருந்து 35, பொம்பளைங்க 18-லருந்து 27. தம்பிக்கு 23. தாத்தா கடைசிப் படுக்கையில இருந்தப்ப அதைக் காதுல போடவேணாம்னு முடிவு பண்ணியிருந்தோம். ஆனா அவரு யாரோ பேசினதைக் கேட்டுட்டாரு. தம்பியைக் கிட்ட கூப்பிட்டு, "உன் கார்டுல எந்த வருஷம்?"னாரு. சொன்னான். கொஞ்ச நேரம் உதடு அசைஞ்சுச்சு, கூட்டிக் கழிக்கிறாருன்னு தெரிஞ்சுச்சு. அப்புறம், "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டானுங்களா?"

ஏத்திட்டாங்க தாத்தா.

தம்பி இப்ப ஊர்ல இல்ல. எங்கன்னு கேக்காதீங்க.

9 ஏப்ரல்

கோயில்ல பளிங்குக் கல்லு விவகாரம். தாத்தா பேருல அன்னதானத்துக்குக் குடுத்திருக்கோம், கல்லுல "வயது 97"னு வெட்டச் சொல்லி பெரியப்பா முன்பணம் குடுத்திருக்காரு. கல்லு வெட்டுறவரு நல்லவேளை இன்னும் ஆரம்பிக்கல. பெரியப்பாவுக்கு இப்ப 97-னும் போட மனசில்ல, 94-னும் போட பயம், யாராவது கார்டோட ஒத்துப் பார்ப்பாங்கன்னு. மூணு நாளா வீட்டுல இதுதான் பேச்சு. இந்த இழையிலயும் ஓட்டெடுப்பு நடத்திட்டீங்க, 94 ஜெயிச்சிருக்கு, ரொம்ப நன்றி.

14 ஏப்ரல், தண்ணித் திருவிழா

தெருவெல்லாம் முன்ன மாதிரி இல்ல, தண்ணி ஊத்துற பசங்களும் கம்மி. நமக்கு வருஷப் பிறப்பு, குரோதி. கோயில்ல ஐயர் பஞ்சாங்கம் படிக்கும்போதுதான் பெரியப்பா என் பக்கம் திரும்பி, "வயசே போடவேணாமே"ன்னாரு.

கல்லுல இப்ப இப்படி வருது: தோற்றம் பிரமோதூத ஆடி. மறைவு சோபகிருது மாசி. எண்ணத் தெரிஞ்சவன் எண்ணிக்கட்டும். எந்த ஆபீசரும் அறுபது வருஷப் பேரை மனப்பாடம் பண்ணிட்டு வரப்போறதில்லன்னு பெரியப்பாவுக்கு நிம்மதி.

சாயங்காலம் சின்னப் பாட்டிக்கு வாழ்த்து சொல்லக் கூப்பிட்டேன். இந்த இழையைச் சென்னையில பேத்தி வாசிச்சுக் காட்டியிருக்கு போல.

"அண்ணனுக்கு மட்டும் மூணு கூட்டலடி. எழுதுறவன் வரிசை உதைக்கக்கூடாதுன்னு எங்க எல்லாருக்கும் மூணு கூட்டிட்டான். எனக்குப் பத்து வயசு, பதிமூணுன்னு போட்டான். சமைஞ்சிட்டாளான்னு தெருவுல கேட்டாளுங்க, நான் அழுதேன், அண்ணன் போய் அவனைச் சண்டை போட்டுச்சு."

"அப்புறம் மாத்துனாங்களா பாட்டி?"

"எங்க மாத்துனான். இங்க வந்தும் அதே வயசுதான். ஆனா முதியோர் பென்ஷன் மூணு வருஷம் முன்னாடியே வந்துடுச்சு. அதை எழுதிடாத."